தொண்டைக் கம்மல்

கம்மல் என்றதும் காதில் போட்டுக் கொள்ளும் கம்மலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று ஆசையாய்ப் பக்கத்தைப் புரட்டியிருந்தால், மன்னித்து விடுங்கள் சகோதரிகளே! இது தொண்டைக் கம்மல். தங்கக் கம்மல் ஒன்று தொலைந்தால் பீரோவை இழுத்து, பாயை உதறி, வீட்டையே தலைகீழாக்கி விடுகிறோம். குரல் தொலைந்தால் மட்டும், "வரும், தானா வரும்" என்று உட்கார்ந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

2021-இல் இதே பகுதியில் தொண்டைக் கட்டுக்கு நான் எழுதிய கைவைத்தியம் சிலருக்கு நினைவிருக்கலாம். அதிமதுரத்தை வாயில் அடக்கிக் கொள்வது, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், சித்தரத்தைக் கஷாயம், உப்பு வெந்நீரில் கொப்பளிப்பது... "நல்ல குணம் தெரிந்தது" என்று நாலைந்து பேர் கடிதம் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு தப்பு இருந்தது. சரக்கில் தப்பில்லை. எத்தனை நாளைக்கு என்று எழுதாமல் விட்டு விட்டேன். அந்தத் தப்பு என் கூடப் பிறந்த அண்ணனிடமே போய் நின்றது.

அண்ணனுக்குத் திருச்சி வாழைக்காய் மண்டியில் வேலை. தார் ஏலம் கூறுகிறவர். இருபது வயதிலிருந்து அதுதான் பிழைப்பு, கூடவே பீடியும். 2023 பொங்கல் சமயம் லாரி லாரியாய்த் தார் இறங்கியபோது ராத்திரி பகல் பாராமல் கத்தியதில் குரல் கம்மிப் போனது. வருஷா வருஷம் போவதுதான், ஒரு வாரத்தில் திரும்பி விடும். அந்த வருஷம் திரும்பவில்லை. மாசி பிறந்து ஒருநாள் போன் செய்தார். "யாருங்க பேசறது?" என்று கேட்டேன். "அடி இவளே, அண்ணன்தான்" என்றார். இருவரும் சிரித்தோம். அன்றைக்கே அதிமதுரம் கால் கிலோ வாங்கி, என் மகன் கையில் கொடுத்தனுப்பினேன்.

அண்ணி பாவம், வேளை தவறாமல் கஷாயம் வைத்துக் கொடுத்தார். வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. சாப்பாடு நன்றாய் இறங்குகிறது. "அறுபது வயசு வரப் போகுது, இப்பத்தான் உங்க அண்ணனுக்குக் குரல் உடையுது" என்று மண்டியில் எல்லோரும் கேலி. டாக்டரிடம் போக வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. இத்தனைக்கும் குடும்பத்தில் பத்திரிகையில் உடல்நலம் பற்றி எழுதுகிறவள் நான் ஒருத்தி இருக்கிறேன்!

தற்செயலாகத்தான் விழிப்பு வந்தது. எங்கள் அடுத்த வீட்டு டீச்சரம்மாவுக்குக் குரல் கட்டிக் கொண்டது. துணைக்கு வாருங்கள் என்றார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூடப் போனேன். குரல் நாண்களின் ஓரத்தில் எதிரெதிராய் இரண்டு சின்னக் காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்த்துப் போகிற மாதிரி, கத்திக் கத்தி நாண் காய்த்துப் போகிறதாம். டீச்சர்கள், பாட்டுக்காரர்கள், தெருவில் கூவி விற்கிறவர்கள், ஓயாமல் கத்தி விளையாடும் பிள்ளைகள் — இவர்களுக்கெல்லாம் வருவது. பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை, பேச்சுப் பயிற்சியிலேயே கரைந்து விடும் என்றார் டாக்டரம்மா. எழுந்திருக்கும்போது சொன்னார்: "சரியான நேரத்திலே வந்தீங்க. மூணு வாரத்துக்கு மேலே கம்மல் இருந்தா யாரா இருந்தாலும் உள்ளே பார்த்துடணும். அதிலும் நாற்பது தாண்டினவங்க, பீடி சிகரெட் பிடிக்கிறவங்க ஒருநாள் கூடத் தள்ளக் கூடாது."

அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினேன். பொங்கலிலிருந்து பதினொரு வாரம் ஆகியிருந்தது.

அண்ணன் கதையைத் தொடருமுன், இந்தக் குரல்வளை என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்லி விடுகிறேன். ஆண்களுக்குக் கழுத்தின் முன்பக்கம் துருத்திக் கொண்டு ஏறி இறங்குகிறதே, அதற்குள்தான் இருக்கிறது. நமக்கும் உண்டு, துருத்தாது, அவ்வளவுதான். பேசுவதற்காகவே கடவுள் வைத்தது என்று நினைத்திருந்தேன். அதன் முதல் வேலை காவல். சோறும் தண்ணீரும் மூச்சுக் குழாய்க்குள் போகாமல் மூடிக் கொள்வது. நாம் புரையேறி இருமுகிறோமே, அது அந்தக் காவல்காரன் போடும் கூச்சல். மூச்சு உள்ளே போக வழி விடுவதும் அவன்தான். பேச்சு மூன்றாவது வேலை. இரண்டு நாண்களும் ஒட்டிக் கொண்டு அதிர, குரல் பிறக்கிறது. பெண்கள் பேசும்போது விநாடிக்குச் சுமார் இருநூறு தடவை, ஆண்களுக்கு நூற்றுச் சொச்சம். இத்தனை வேகத்தில் அதிர்கிற இடத்தில் கடுகளவு வீக்கம் வந்தாலும், கொஞ்சம் தடித்தாலும், ஒரு பக்கம் அசையாமல் நின்றாலும் குரல் கெட்டு விடும். அதனால் கம்மல் என்பது வியாதியின் பெயர் அல்ல. உள்ளே ஏதோ ஒன்று ஆகியிருக்கிறது என்ற தகவல், அவ்வளவுதான். என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியாது, பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதை அண்ணனோடு போய் உட்கார்ந்த அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சிலேயே தெரிந்து கொண்டேன். என் பக்கத்தில் ஒரு அம்மா. குரல் தடித்து, ஆண் குரல் மாதிரி ஆகிவிட்டது. உடம்பு போட்டிருக்கிறது, முடி கொட்டுகிறது, சித்திரை வெயிலிலும் போர்த்திக் கொள்கிறார். ரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டு சுரப்பது குறைவு என்று வந்ததாம். தைராய்டு குறைந்தால் குரல் நாண்களும் நீர் கோத்துத் தடித்து விடும். மாத்திரை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் குரல் படிப்படியாகத் தேறும் என்று சொல்லியிருந்தார்கள்.

எதிரே ஒரு இளைஞன். எச்சில் விழுங்கக் கூட வலி, இருமல், எலும்பும் தோலுமாக இருந்தான். நுரையீரலில் இருக்கும் காச நோய் குரல்வளைக்கும் வந்திருந்தது. காசம் குரல்வளையில் வந்தால் பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருக்குமாம்! சளியைச் சோதித்து, மார்பை எக்ஸ்ரே எடுத்து, துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். அவன் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "டி.பி.தாங்க, டி.பி.தாங்க" என்று கும்பிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

இன்னொருவருக்கு நெஞ்சுக்குள் வியாதி. குரலில் வந்து காட்டியது. இது எப்படி என்று டாக்டரம்மாவையே கேட்டேன். குரல் நாணை அசைக்கிற நரம்பு நேரே தொண்டைக்கு வருவதில்லையாம். இடது பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக் கொண்டு திரும்ப மேலே ஏறுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் போகிற மாதிரி! அந்த வழியில் நுரையீரல் கட்டி, நெறி கட்டுதல், இதய அறை பெருத்தல் எது அழுத்தினாலும் நாண் அசையாமல் போகும். அதனால்தான் ஒரு நாண் அசையவில்லை என்றால் தலையிலிருந்து மார்பு வரை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். "தொண்டைக்கு வந்தா நெஞ்சைப் படம் எடுக்கறான், காசு பிடுங்கறான்" என்று நாம் வையக் கூடாது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் குரல் மாறுவதும் இந்த நரம்பு பட்டுப் போவதால்தான். கழுத்தில் காயம் பட்டாலும் குரல் மாறும். 1967 ஜனவரி 12-ஆம் தேதி கழுத்தில் குண்டு பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் குரலே வேறாகிப் போனதை நம் அம்மாக்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி வந்து நாணைப் புண்ணாக்குவதும் உண்டு. நெஞ்சு எரிச்சலே இல்லாமல் கூட வருமாம். காலையில் எழுந்தவுடன் கம்மல், ஓயாமல் செருமுவது, தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற உணர்ச்சி இருந்தால் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுகிறவர்கள் பிறகு வாய் கொப்பளிக்காவிட்டால் அங்கே காளான் பிடிக்கும். இவையெல்லாம் சீக்கிரம் சரி செய்யக் கூடியவை.

அண்ணன் முறை வந்தது. டாக்டரம்மா ஒரு நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடியை எடுத்து லேசாகச் சூடு காட்டினார். மூச்சுப் பட்டு ஆவி படியாமல் இருக்கத்தானாம். நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, "ஈ... சொல்லுங்க ஐயா" என்றார். இந்தக் கண்ணாடி வித்தையைக் கண்டு பிடித்தது டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார்! மானுவேல் கார்சியா என்ற ஸ்பெயின்காரர், பாடும்போது தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசையில், 1854-இல் பல் டாக்டர் வைத்திருக்கிற கண்ணாடியை வாய்க்குள் வைத்து, கைக் கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தைத் திருப்பித் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். அதற்குப் பிறகுதான் டாக்டர்கள் பிடித்துக் கொண்டார்கள். இன்று மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு டி.வி.யில் பெரிதாய்க் காட்டுகிறார்கள். மரத்துப் போக மருந்து அடிக்கிறார்கள்; வலி இல்லை, கொஞ்சம் கூச்சம், கண்ணில் தண்ணீர். ஐந்தே நிமிஷம்.

அண்ணனுக்கும் குழாய் விட்டார்கள். நானும் பார்த்தேன். பால் வெள்ளையாய் இரண்டு நாடா திறந்து மூடுகிறது. வலது நாடாவில் மட்டும் பாலாடை ஒட்டிக் கொண்டாற்போல் சொரசொரப்பாய் ஒரு திட்டு. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பறேன்" என்றார். அதாவது பயாப்ஸி. குழாய் வழியாகவே சின்ன இடுக்கி விட்டுக் கிள்ளி எடுத்தார்கள்.

ஒரு வாரம். நான் சமயபுரத்தாளுக்கு வேண்டிக் கொண்டேன். ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய் அடையாளம் இல்லை! அண்ணி அன்றே பால் பாயசம் வைத்தார். மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டு, "திட்டைப் பார்த்தா எனக்குச் சமாதானம் ஆகலே. மயக்கம் கொடுத்து, ஆழமா இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார்.

அண்ணனுக்குக் கோபம் வந்து விட்டது. "இல்லேன்னு எழுதிக் கொடுத்த பிறகும் எதுக்கு? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று கரகரவென்று கத்தினார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, சோறு எல்லாம் ஒரே தீயிலே வேகுது. இது அப்படி இல்லை. கிள்ளின இடத்திலே இல்லேன்னுதான் இந்தக் காகிதம் சொல்லுது. கிள்ளாத இடத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலே."

அண்ணன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து விட்டார். இரண்டு நாள் அண்ணியும் நானும் மாறி மாறிப் பேசியும் அசையவில்லை. கடைசியில் என் பெண்தான் வழி செய்தாள். காலேஜில் சரித்திரம் படிக்கிறவள். "மாமா, உங்களுக்கு நடந்தது ஒரு சக்கரவர்த்திக்கே நடந்திருக்கு, கேளுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து கொண்டாள்.

1887 ஜனவரியில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃப்ரெடரிக்குக்குக் குரல் கம்மியது. புகைக் குழாய் பிடிக்கிறவர். மனைவி, இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் மூத்த மகள். உள்ளூர் டாக்டர்கள் நாணில் வளர்ச்சியைப் பார்த்துப் புற்று என்று சந்தேகப்பட்டார்கள். கழுத்தைத் திறந்து எடுக்க நாள் கூடக் குறித்தார்கள். மே மாதம் லண்டனிலிருந்து மோரெல் மெக்கன்சி என்ற பேர்போன தொண்டை டாக்டரை அழைத்தார்கள். அவர், சதை எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது என்றார். நியாயமான பேச்சுதான். துண்டு எடுத்து பெர்லினில் விர்ச்சோ என்ற மகா பண்டிதரிடம் கொடுத்தார்கள். புற்று இல்லை என்று வந்தது. ஆபரேஷன் கைவிடப்பட்டது. ஜூனில் மாமியாரின் பொன்விழா ஊர்வலத்தில் லண்டன் வீதியில் குதிரை மேல் கம்பீரமாய்ப் போனார் இளவரசர். நவம்பரில் புற்றுதான் என்று எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள். 1888 பிப்ரவரியில் மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் அப்பா இறந்து இவர் சக்கரவர்த்தி ஆனபோது வாயில் பேச்சு இல்லை. காகிதத் துண்டில் எழுதிக் காட்டித்தான் ராஜ்ய பாரம். தொண்ணூற்று ஒன்பது நாள். ஜூன் 15-ஆம் தேதி போய் விட்டார். அந்தக் காலத்து ஆபரேஷனே உயிருக்கு ஆபத்தானது. செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்றைக்கும் டாக்டர்களுக்குள் வாதம் நடக்கிறது.

அண்ணன் வாயே திறக்கவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டை எடுத்து வெகு நேரம் கையில் வைத்துக் கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "டாக்டரம்மாகிட்டே நாள் கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

இரண்டாவது தடவை மயக்கம் கொடுத்து, வாய் வழியே குழாய் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஆழமாய் எடுத்தார்கள். அதில் இருந்தது.

அழுதோம். மறைக்க மாட்டேன். ஆனால் டாக்டரம்மா சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக் கொண்டு எழுந்தோம்: "நாண் இன்னும் அசையுது." அசைந்தால் நோய் மேலோடு இருக்கிறது என்று நம்பலாம், ஸ்கேனும் அப்படியே சொன்னது. குரல் நாண் மேலேயே வருகிற புற்று முதல் நாளிலேயே குரலில் தன்னைக் காட்டிக் கொடுத்து விடும். நெறி கட்டிப் பரவுவதும் மெதுவாகத்தான். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். லேசர் அல்லது கதிர் சிகிச்சை, ஏதாவது ஒன்று போதும். விட்டு விட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி எடுத்த பெரியவர் ஒருவரை அங்கேயே பார்த்தோம். கழுத்துத் துளையை விரலால் பொத்திக் கொண்டு, "பீடியை விட்டுடு தம்பி" என்று அண்ணனிடம் பேசினார். அதற்கு மேல் அண்ணனுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதிர் சிகிச்சை ஆறு வாரம்; திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு மூடி செய்து, அசையாமல் படுக்க வைத்து, சில நிமிஷத்தில் முடித்து விடுகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தொண்டை வெந்து விட்டது. குழைந்த தயிர் சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி, ஆறின ரசம் தவிர ஒன்றும் இறங்கவில்லை. கழுத்துத் தோல் கறுத்தது. இருந்த கொஞ்சக் குரலும் போனது. பிறகு ஆவணியில் ஒரு காலை போன் வந்தது. "யாருன்னு தெரியுதா?" என்றது குரல். தெரிந்தது!

பழைய குறிப்பைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கும் சகோதரிகள் அதன் கீழே என் கணக்கில் ஒரு வரி எழுதிக் கொள்ளுங்கள்: "இரண்டு வாரம் பார்க்கலாம். மூன்றாவது வாரம் டாக்டர்." சளி பிடித்துக் கட்டின தொண்டை அதற்குள் தானே தேறி விடும். அதுவரை பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். இல்லையாம், அது நாணை இன்னும் இறுக்குமாம். மெதுவான சாதாரணக் குரலே நல்லது. ஆனால் கம்மலோடு மூச்சுத் திணறினாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, தண்ணீர் குடித்தால் புரையேறினாலோ, விழுங்கினால் வலி காது வரை இழுத்தாலோ மூன்று வாரமெல்லாம் கிடையாது, உடனே போக வேண்டும்.

குழந்தைகள் விஷயம் தனி. நாய் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சு இழுக்கையில் கீச்சென்ற சத்தம், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது — ராத்திரி இரண்டு மணியானாலும் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விட்டுப் பார்க்கவே கூடாது. விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று குரல் மாறினால் வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கும். என் மாமியார் காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு அவர் தெருவிலேயே இருந்ததாம். இப்போது அதற்குத் தடுப்பூசி இருக்கிறது; ஆறாவது வாரத்தில் தொடங்குகிறார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டியதைத்தான் நம்மில் பலர் மறந்து விடுகிறோம்.

அண்ணன் இப்போது மண்டிக்குப் போகிறார். ஏலம் அவர் மகன் கூறுகிறான்; அவனுக்கும் கத்தக் கூடாதென்று கை மைக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முதல் வருஷம் மாதா மாதம் கண்ணாடி பார்த்தார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வருகிற செவ்வாய்க்கிழமை முறை. அண்ணிக்கு முழங்கால் வலி, நான்தான் கூடப் போகிறேன்.